ப்ளஸ்ஸில் எர்த் கொடுத்த கார்

என்னிடம் ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே சீட். கூரை கிடையாது. பின்னால் ஒரு துணியை மடித்து வைத்திருக்கிறார்கள். அதை இழுத்து, விரித்து, பட்டனெல்லாம் போட்டு முடிப்பதற்குள் மழை நின்றுவிடும். விருதுநகரில் மழை பெய்வதே அபூர்வம் என்பதால் அதைப் பற்றி நான் அலட்டிக்கொண்டதில்லை. அலட்டிக்கொள்ள வேறு நிறைய இருந்தது.

வாங்கிப் பதினாறு வருடம் ஆகிறது. மலை மேல் ஓர் எஸ்டேட் பங்களாவின் பின்பக்கம், கோழிகள் ஏறி உட்கார்ந்திருந்த நிலையில்தான் அதை முதலில் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் புத்தி கெட்டுப்போனது. நீளமான மூக்கு, வட்டமாக இரண்டு விளக்கு, உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் தரையைத் தொட்டுவிடலாம் போல அவ்வளவு தாழ்வான சீட். விற்றவர் விலையைக்கூட அதிகம் பேசவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்கு அர்த்தம் தெரிய எனக்கு ஒரு வருடம் ஆனது.

எனக்குப் பட்டாசுத் தொழில். தாயில்பட்டியைத் தாண்டிக் கரிசல் காட்டுக்கு நடுவில் கம்பெனி, வீடு விருதுநகரில். தினமும் போக ஒரு சாதாரண கார் உண்டு. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் இந்தச் சனியனை எடுத்துக்கொண்டு போவேன். குளிர்நாட்டுக்காரன் செய்த இன்ஜின், எங்கள் ஊர் சித்திரை வெயிலைப் பார்த்தாலே கொதிக்கும். சாத்தூர் வரைக்கும் சாலையில் எங்கெங்கே நிழல் இருக்கிறது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். எல்லா நிழலிலும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஊரில் இருக்கும் எந்த ஸ்பானரும் அதன் நட்டுக்குப் பொருந்தாது. மில்லிமீட்டர் இல்லை, இன்ச். சரி, இன்ச் ஸ்பானர் வாங்கினால் அதுவும் பொருந்தாது, அது வேறு இன்ச்சாம். ஒரு ரப்பர் வாஷருக்காக இங்கிலாந்துக்கு ஆர்டர் போட்டு ஏழு வாரம் காத்திருந்து பார்சலைப் பிரித்தால், அடுத்த வருட மாடலுக்கான வாஷர் உள்ளே இருக்கும். ஆயில் ஒழுகுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். அடியில் வெடிப் பெட்டி அட்டையைப் பரப்பி வைப்போம், வாரம் ஒரு முறை மாற்றுவோம். மழைக்காலத்தில் விளக்குகள் எரியாது. விளக்கு எரியும் நாளில் ஹாரன் அடிக்காது.

என் மனைவி இரண்டு முறை ஏறியிருக்கிறாள். முதல் முறை கண்ணில் தூசி. இரண்டாவது முறை வச்சக்காரப்பட்டி விலக்கில் வண்டி நின்றுபோய், ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் காரைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை. ரோட்டில் பார்க்கிறவர்கள்தான் பேசுவார்கள். டீக்கடையில் நிறுத்தினால் போதும், மைலேஜ் எம்புட்டு தரும், டாப்பு எங்கன போச்சு, விலைக்கு வருமா என்று மூன்று கேள்வி, எந்த ஊரானாலும் அதே வரிசையில். ஆரம்பத்தில் ஆசையாகப் பதில் சொல்வேன். பிறகு டீக்கடையில் நிறுத்துவதையே விட்டுவிட்டேன்.

பிறகு எதற்கு வைத்திருக்கிறேன் என்றால், தை மாசத்தில் காலை ஆறரை மணிக்கு சாத்தூரைத் தாண்டி வெம்பக்கோட்டை ரோட்டில் திரும்பிய பிறகு ஒரு பத்து நிமிஷம் இருக்கிறது, அதற்காகத்தான். வெயில் ஏறியிருக்காது. இரண்டு பக்கமும் கரிசல். கியர் லீவர் விரல் நீளம்தான் இருக்கும், இரண்டு விரலால் தட்டினால் போய் விழும். ரோட்டில் கிடக்கும் கல்லைக்கூட ஸ்டியரிங் கையில் சொல்லும். காற்று நேராக நெற்றியில் அடிக்கும். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு வயசும் கிடையாது, லைசென்ஸ் புதுப்பிக்கும் கவலையும் கிடையாது. நான் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்த நேரங்களை எண்ணச் சொன்னால் பாதி அந்த ரோட்டில்தான் இருக்கும்.

கம்பெனி கேட்டுக்குள் அந்தக் கார் ஒருநாளும் போனதில்லை. எந்த வண்டியுமே போகாது. கேட்டுக்கு வெளியே, ஆபீஸ் ரூமுக்கும் தள்ளி, ஒரு தகரக் கொட்டகையில் நிற்கும். பெட்ரோல் கலவையைக் கொஞ்சம் தப்பாக வைத்தால் சைலன்சரில் டப்பென்று ஒரு சத்தம் வரும். வெளியூரில் அதை வேடிக்கையாகப் பேசுவார்கள். எங்கள் பக்கம் அந்தச் சத்தம் கேட்டால் வீட்டில் இருக்கும் ஆட்கள் போனைத்தான் முதலில் எடுப்பார்கள். அதனால் மற்ற எதைக் கோட்டைவிட்டாலும் கார்புரேட்டரை மட்டும் சரியாக வைத்திருப்பேன்.

எங்கள் எலக்ட்ரீசியனைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பூசைக்குப் போகாமல் எந்த வேலையையும் தொடமாட்டார். லைட், மோட்டார் எல்லாம் பார்ப்பார் என்றாலும் அவருடைய உயிர் எர்த்தில்தான் இருந்தது. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து வைத்து வேலை பார்க்கும் மருந்து ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். வேலைக்கு வரும் பெண்கள் உள்ளே போகும் முன் அதைத் தொட்டுவிட்டுத்தான் போவார்கள். உடம்பில், சேலையில் ஒட்டியிருக்கும் கரண்ட் அது வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தகட்டிலிருந்து போகும் கம்பி, அது இறங்கும் குழி, குழியில் போடும் கரி, உப்பு எல்லாம் அவர் பொறுப்பு. கோடையில் மண் காயக் கூடாது என்று குழிகளுக்குத் தன் கையால் தண்ணீர் ஊற்றுவார். வாரா வாரம் மீட்டர் வைத்துப் பார்த்து சாக்பீஸால் சுவரில் எழுதி வைப்பார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இன்னும் ஐந்தாறு கம்பெனிகள் அவரைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லும். அவர் பார்த்தது என்றால் பேச்சில்லை. நானும் அவரை வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவேன்.

எல்லா வண்டியிலும் பாட்டரியின் மைனஸ் கம்பியைத்தான் வண்டியின் பாடியில் முடுக்குவார்கள். வண்டிக்கு அதுதான் எர்த். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் இது தலைகீழ். ப்ளஸ்தான் பாடிக்குப் போகும். ஏன் அப்படி வைத்தார்கள் என்று நானும் எங்கெங்கோ படித்துப் பார்த்தேன், ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். என் காரிலும் அப்படித்தான். அதைச் சொல்லி ஒரு சின்னத் தகடு பானெட்டுக்குள் இருந்தது. வாங்கிய புதிதில் பெயிண்ட் அடித்தபோது கழற்றி வைத்தோம், பிறகு காணவில்லை. பரவாயில்லை, எனக்குத் தெரியுமே என்று விட்டுவிட்டேன். பெட்டிக்குப் பெட்டி எச்சரிக்கை அச்சடித்து ஒட்டுகிற தொழில் என்னுடையது. என் சொந்தக் காரில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டவில்லை.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை பாட்டரி செத்துப்போய்க் கார் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. எலக்ட்ரீசியனிடம் பாட்டரியைக் கழற்றி சார்ஜ் போட்டு மாட்டி வைக்கச் சொல்லிவிட்டு வேனில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்கு முன்னால் பாட்டரியை நான் மட்டும்தான் தொட்டிருக்கிறேன். ப்ளஸ் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவர் கழற்றும்போது பார்த்திருக்கிறார். ப்ளஸ் கம்பி பாடியில் முடுக்கியிருக்கிறது. எர்த்தை இப்படித் தலைகீழாக விட்டுவிட்டுப் போனவன் எவன் என்று அவருக்கு ஆத்திரமே வந்திருக்கிறது. இது தெரியாமல் அண்ணாச்சி இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாரே, கம்பெனிக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறாரே என்று பயந்துபோயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கம்பிகளை மாற்றி, முனை பொருந்தாததை அரம் வைத்து ராவிப் பொருத்தி, பாடியில் முடுக்கும் இடத்தை எமரித்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கியிருக்கிறார். வேறு எந்த ஊர் மெக்கானிக்காக இருந்தாலும் ஏதோ பழைய வண்டி என்று இருந்தபடியே மாட்டிவிட்டுப் போயிருப்பான். எர்த்தைத் தப்பாகப் பார்த்தால் தாங்க முடியாத மனிதர் எங்கள் பக்கத்தில்தான் இருப்பார்.

திங்கட்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து பெண்கள் வேனுக்கு வந்துகொண்டிருந்த நேரம். அவர் சாவியை என்னிடம் கொடுத்தார். ஒரு தப்பைக் கண்டுபிடித்துச் சரி செய்திருப்பதாகச் சொன்னார். முகத்தில் நல்ல சிரிப்பு. என்ன தப்பு என்று நான் கேட்கவில்லை, நேரமாகிவிட்டது என்று ஏறி உட்கார்ந்தேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. கொட்டகையை விட்டு வெளியே எடுத்து ஆக்சிலரேட்டரை ஓர் அழுத்து அழுத்தினேன், அவ்வளவுதான். பாட்டரியும் டைனமோவும் எதிரும் புதிருமாக முட்டிக்கொண்டன. டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை கிளம்பியது.

பட்டாசுக் கம்பெனிக்கு எழுபது அடி தூரத்தில் புகை. பெண்கள் தூக்குவாளியைப் போட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடினார்கள். வேன் டிரைவர் ஓடினார். நானும் காரை விட்டு இறங்கிப் பத்து எட்டு ஓடினேன் என்பதை எழுதத்தான் வேண்டும். ஓடாதவர் ஒருவர்தான். எலக்ட்ரீசியன் பானெட்டைத் திறந்து, சிவக்கக் காய்ந்திருந்த பாட்டரிக் கம்பியை வெறுங்கையால் பிடித்துப் பிடுங்கி எறிந்தார். பிறகு மணல் வாளியைக் கவிழ்த்தார். புகை நின்றது. வலது உள்ளங்கையில் தோல் உரிந்து தொங்கியது.

எனக்குப் பயம் இறங்கி ஆத்திரம் ஏறியது அப்போதுதான். கம்பியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மாற்றினேன் என்றார். திரும்பி வந்துகொண்டிருந்த முப்பது பேர் முன்னால், கையை உதறிக்கொண்டு நின்ற அந்த மனிதரைப் பார்த்து நான் சொன்னேன்: "ஏலே, ப்ளஸ் எது மைனஸ் எதுன்னு தெரியாத உன்னை நம்பியாலே இம்புட்டு பொம்பளைகளை உள்ள உக்கார வச்சிருக்கேன்?"

அவர் இடது கையால் காலி வாளியை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனார். அன்று ராத்திரி முழுவதும் நான் நினைத்துக்கொண்டிருந்தது எரிந்துபோன வயர்களைப் பற்றி.

மறுநாள் காலையில் மருந்து ரூம் பெண்கள் யாரும் உள்ளே போகவில்லை. செம்புத் தகட்டுக்கு ஓரடி முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் வந்து கூப்பிட, நான் போனேன். அவர்களில் மூத்தவர், எங்களிடம் கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து வேலை பார்ப்பவர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"எர்த்து சரியாத்தான் இருக்கா அண்ணாச்சி? அவருக்குக் கம்பி தெரியாதுன்னு நேத்து நீங்கதான சொன்னீக."

அது கார் விஷயம், இது வேறு என்றேன். தப்பு அவருடையது இல்லை, அந்தக் காரையே தலைகீழாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். விளக்க விளக்கக் கேவலமாக இருந்தது. ப்ளஸ்ஸில் எர்த் கொடுத்து எவனாவது கார் செய்வானா? அண்ணாச்சி ஆளைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. நான் ஆத்திரத்தில் சொன்னதை நம்பியவர்கள் நிதானத்தில் சொன்னதை நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. உயிர் அவர்களுடையது.

இதற்குள் பேச்சு வேன்களில் ஏறி ஊர் ஊராகப் போய்விட்டது. ஏழாயிரம்பண்ணையிலிருந்து இரண்டு கம்பெனிக்காரர்கள் எனக்குப் போன் செய்தார்கள். உங்கள் ஆள் எர்த் தெரியாதவராமே, எங்கள் குழியெல்லாம் அவர் போட்டதுதானே என்று கேட்டார்கள். அவர்களிடமும் அதே கதையைச் சொன்னேன். இரண்டு பேருமே, எதற்கும் ஒருமுறை வேறு ஆளை வைத்துப் பார்த்துவிடுகிறோம் என்றார்கள். முப்பது வருடம் குழிக்குக் குழி தண்ணீர் ஊற்றிச் சேர்த்த பேர் அவருடையது. அது என்னுடைய ஒரு வார்த்தையில் போய்க்கொண்டிருந்தது.

வெளியாளைக் கூப்பிட்டு எல்லாக் குழியையும் பார்க்கச் சொன்னது எலக்ட்ரீசியன்தான். கையில் கட்டோடு வந்து, அவரே கேட்டார். மூன்று நாள் கம்பெனியை மூடிப் போட்டோம். மதுரையிலிருந்து வந்தவர்கள் தகடு தகடாக, குழி குழியாகப் பார்த்தார்கள். பெண்களும் வந்து நின்று பார்த்தார்கள். எங்கேயும் ஒரு குறை இல்லை. சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்த அளவுதான் அவர்கள் மீட்டரிலும் வந்தது. இத்தனை சுத்தமாக எர்த் போட்டு எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை என்று வந்தவர் சத்தமாகவே சொன்னார். மறுநாள் பெண்கள் தகட்டைத் தொட்டு உள்ளே போனார்கள். ஏழாயிரம்பண்ணையிலும் குழிகள் சரியாக இருந்தன என்று செய்தி வந்தது. முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை. அதற்குள் அவர் காரைச் சரி செய்துதருவதாகச் சொன்னார். வேண்டாம், கிடக்கட்டும் என்றேன். நான் கெடுத்தது, நானே சரி செய்கிறேன் என்றார். காரைக் கட்டி இழுத்து வீட்டில் கொண்டுவந்து போட்டிருந்தேன், நான்கு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்கே வந்தார். எரிந்த வயரை எல்லாம் உருவி எடுத்துவிட்டுப் புதிதாக இழுத்தார். புத்தகத்தில் இருந்த வரைபடத்தை நான் படித்துச் சொல்வேன், அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வயருக்கு வயர் நிறம் பிரிப்பார். சில ஞாயிறுகளில் மதியம் வரை நாங்கள் பேசுவது சிவப்பு, பச்சை, ஊதா மட்டும்தான். எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை ஒற்றுமையாக வேலை நடக்கிறதே, நடுவில் அந்தப் பேச்சை எடுத்துக் கெடுப்பானேன் என்று தள்ளிப்போட்டேன். என் மனைவி மட்டும் ஒருநாள் அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே வந்து, கேட்டுவிட்டீர்களா என்றாள். கேட்கிறேன் என்றேன்.

நான்காவது ஞாயிறு வேலை முடிந்தது. பானெட்டுக்குள் ஒரு தகரத் துண்டை முடுக்கி, அதில் சிவப்புப் பெயிண்டால், இந்த வண்டிக்கு ப்ளஸ்தான் எர்த் என்று எழுதியிருந்தார். ஸ்டார்ட் செய்து, எல்லா விளக்கையும் போட்டுக் காட்டினார். பிறகு தன் பையிலிருந்து கம்பெனி எர்த் மீட்டரை எடுத்தார். துண்டில் சுற்றி வைத்திருந்தார். அதை சீட்டில் வைத்தார்.

"இத வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. நாளைலருந்து நான் வரல."

ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டதெல்லாம் அந்த நிமிஷத்தில் வாயில் வந்தது. நான் பேசினது தப்பு, அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, சொல்லாமல் விட்டது என் குற்றம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். வேறு கம்பெனியில் கூப்பிடுகிறார்களா என்றும் கேட்டேன். அதைக் கேட்டிருக்க வேண்டாம். சாத்தூரில் வீட்டு வயரிங் வேலைக்குப் போவதாகச் சொன்னார். எந்தப் பட்டாசுக் கம்பெனிக்கும் இல்லையாம். ஏழாயிரம்பண்ணைக்காரர்களிடமும் சொல்லிவிட்டாராம்.

"கோவம்லாம் இல்ல அண்ணாச்சி. கோவம்னா நாலு வாரம் இங்கன வந்து உக்காந்திருப்பனா?" என்றார். பிறகு வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "முந்தியெல்லாம் ஒரு நட்டை முடுக்குனா முடுக்குனதுதான். திரும்பிப் பாக்க மாட்டேன். இப்ப வீட்டுல போயி பாதிச் சோத்துல எந்திரிக்கேன், முடுக்குனமா முடுக்கலையான்னு. ரெண்டு தடவை திரும்பி கம்பெனிக்கே வந்து பாத்தேன். முடுக்கித்தான் இருந்துச்சு. மறுபடி வீட்டுக்குப் போனா மறுபடி அதே நெனப்பு. அன்னைக்கு நீங்க சொன்னது உள்ள போயிருச்சு, எடுக்க முடியல. இப்படி ஒரு ஆளு நம்ம கம்பெனிக்குள்ள இருக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கண் சிவந்து வரும் பெண்ணை அன்றைக்கு மருந்து ரூமுக்குள் விடமாட்டேன். வெளியே உட்கார்ந்து லேபிள் ஒட்டச் சொல்வேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று யோசனையோடு வருபவரை அதே வேனில் திருப்பி அனுப்புவேன். மனசு ஓர் இடத்திலும் கை ஓர் இடத்திலுமாக இருக்கிறவர் யாரானாலும் உள்ளே வரக் கூடாது என்று கேட்டில் நின்று கத்துகிறவன் நான்தான். அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இருக்கலாம் என்று ஒரு பொய் சொன்னால் அவர் திங்கட்கிழமை வந்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

"இருக்கக் கூடாதுதான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மீட்டரைச் சுற்றியிருந்த துண்டை மட்டும் உருவி, தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.